மேலே இன்னும் நன்றாகத் தெரியும்

வெக்ஸ்டன், ஒஹாயோ
மே 14, 1973

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தான். ஊரில் யாராவது ஃபோன் போட்டு உங்களிடம் வத்தி வைப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்துவிட்டது. கட்டடம் இடிக்கிற கம்பெனியில். முதல் வேலையே ஆல்டர்னி தியேட்டர்.

ஆமாம், உங்கள் ஆல்டர்னிதான். திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டுங்கள். நான் இல்லாவிட்டால் வேறு எவனாவது இடிக்கத்தான் போகிறான். நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போனதிலிருந்து உள்ளே புறாக்கள்தான் குடித்தனம் நடத்துகின்றன. இடித்துவிட்டு என்ன கட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். கார் நிறுத்த இடம். காரை நிறுத்திவிட்டு எங்கே போவார்கள் என்றும் கேட்காதீர்கள். கடைவீதியில் பாதிக் கடைகள் பலகை அடித்து மூடிக் கிடக்கின்றன.

மேஸ்திரி என் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "ஹேவர்காம்ப்பா? மேனேஜர் மகனா நீ? உங்கப்பா ஒரு தடவ என் காதப் பிடிச்சு வெளிய தள்ளினாருப்பா. வா வா, நல்ல வேலைக்குத்தான் வந்திருக்க" என்றார். என்னோடு ஜோடி சேர்த்திருப்பவன் லமார் பிக்கெட். என் வயதுதான், ஆற்றோரத் தெருவில் வீடு, கறுப்பினப் பையன். வாயைத் திறந்தால் கிண்டல். என்னை "சின்ன மேனேஜர்" என்றுதான் கூப்பிடுகிறான்.

கல்லூரியைப் பற்றி மறுபடி எழுதாதீர்கள். விட்டது விட்டதுதான். உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க எனக்கு வராது.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

க்ளென்


சாரசோட்டா, ஃப்ளோரிடா
மே 22, 1973

என் அன்பு மகன் க்ளெனுக்கு,

உன் அத்தையும் நானும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியவில்லை. கல்லூரியைப் பற்றி எழுதாதே என்கிறாய். சரி, எழுதவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் நீ கை வைக்கும்போது அது என்ன கட்டடம் என்று தெரிந்து கை வை.

1927இல் ஆல்டர்னி திறந்த அன்று நான் பத்தொன்பது வயதுப் பையன். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை, கையில் டார்ச். ஆட்களை இருக்கைக்கு அழைத்துப் போகிற வேலை. பதினோரு வருடத்தில் மேனேஜர் ஆனேன். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் ஆலைத் தொழிலாளிகளுக்காகக் காலையில் தனிக் காட்சி போட்டவன் நான்தான். கரி படிந்த சட்டையோடு வருவார்கள், பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எழுப்பக் கூடாது என்று என்னிடம் வேலை பார்த்த டார்ச் பையன்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஆற்று வெள்ளம் வந்தபோது ஊரில் பாதிப் பேர் எங்கள் கம்பளத்தின் மேல்தான் படுத்தார்கள். போர் முடிந்த அன்று கதவைத் திறந்துவிட்டேன், டிக்கெட்டே கிடையாது. பிறகு வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது, நெடுஞ்சாலையோரம் பெரிய அங்காடி வந்தது. என்ன செய்ய?

அரங்கின் நடுவில் தொங்கும் சரவிளக்கை மறந்துவிடாதே. கடல் தாண்டிப் பெட்டி பெட்டியாக வந்தது. அதை உடைக்க விடாதே, எவனிடம் சொல்ல வேண்டுமோ சொல்.

ஒரு நல்ல செய்தி. வியாபாரிகள் சங்கத்தார் ஆல்டர்னிக்கு ஒரு பிரிவுபசார விருந்து வைக்கிறார்கள். அன்று வெளியிடுவதற்குத் தியேட்டரின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீ அங்கேதானே இருக்கிறாய்? நாலு பேரிடம் பேசி, அவர்களுக்கு ஆல்டர்னியில் நினைவிருப்பதைக் கேட்டு எழுதி அனுப்பு. நாம் இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது போல இருக்கும். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அன்பு அப்பா,
ரஸல் ஹேவர்காம்ப்


வெக்ஸ்டன்
ஜூன் 9, 1973

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டீர்கள், விசாரித்துவிட்டேன். நானும் நீங்களும் சேர்ந்து செய்வது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் மெனக்கெட்டேன்.

கறிக்கடைக்காரர் மனைவி சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரரு அங்கதான் கையப் புடிச்சாரு. உங்கப்பா டார்ச் அடிச்சுட்டாரு. சண்டாளன்!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சலூன்காரர் வெள்ளத்தின்போது உங்கள் கம்பளத்தில்தான் பிறந்தாராம். இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கும், போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிடிக்காது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று மதியச் சாப்பாட்டுக்கு உட்கார இடம் தேடினோம். நான் கீழே முன்வரிசைக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து எனக்கு அங்கேதானே இடம். லமார் மாடிப்படியில் நின்றுகொண்டு, "என்ன சின்ன மேனேஜர், கீழயா உக்காரப் போற? மேல வாங்க சார், மேல இன்னும் நல்லா தெரியும்" என்றான். ராகம் போட்டு, குனிந்து, கையை நீட்டி. எனக்குப் புரியவில்லை. மேலே போனேன். அப்பா, எனக்கு இருபத்தொரு வயது. அந்தத் தியேட்டரிலேயே வளர்ந்தேன். பால்கனிக்கு நேற்றுதான் முதல் தடவை போகிறேன்.

நடுவில் உட்கார வைத்தான். "பாரு. என்ன தெரியுது?"

"சரவிளக்கு."

"அதுக்குப் பின்னால?"

"சரவிளக்குதான்டா தெரியுது."

"அதான் குண்டம்மா. எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். 'குண்டம்மா தள்ளி உக்காரவே மாட்டா'ன்னு. சின்னப் புள்ளையில நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எல்லாப் படத்துலயும் நடுவுல ஒரு கண்ணாடி மரம் இருக்கும்னு நெனச்சேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டேன். ஓர இருக்கைகளுக்கு அடிதடி நடக்குமாம், அங்கிருந்துதான் திரை தெரியும் என்று. கறுப்பர்கள் யார் வந்தாலும் உங்கள் பையன்கள் டார்ச்சை மாடிப்படிப் பக்கம் காட்டி 'மேல இன்னும் நல்லா தெரியும்' என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வார்களாம். எல்லாப் பையனும், எல்லா வருடமும், ஒரே வாக்கியம். யார் சொல்லிக் கொடுத்தது?

க்ளென்


சாரசோட்டா
ஜூன் 17, 1973

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய நினைவுகள் அருமை. கறிக்கடை அம்மாளைப் படித்து உன் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். சலூன்காரர் பிறந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுடுதண்ணீர் கொண்டுவரப் பையன்களை விரட்டியதே நான்தான்.

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். நீ காலம் தெரியாமல் பேசுகிறாய். ஆல்டர்னியில் கறுப்பர்களுக்குத் தனி இடம் என்று போர்டு ஏதாவது பார்த்திருக்கிறாயா? எந்தக் காலத்திலும் ஒரு போர்டு கிடையாது. ஒரே வாசல், ஒரே கவுன்ட்டர், ஒரே டிக்கெட், ஒரே பாப்கார்ன். தென் மாநிலங்களில் போய்ப் பார், பின்சந்தில் தனிப் படிக்கட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. வருகிறவர்களை மரியாதையாக நடத்த என் பையன்களைப் பழக்கினேன். "சார்" என்றும் "மேடம்" என்றும் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்த ஊரில் வேறு எந்தக் கடையில் அவர்களை "சார்" என்றார்கள்? போய்க் கேள்.

பால்கனி உயரமானது. உயரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். அந்தப் பையன் உன்னை வம்புக்கு இழுக்கிறான். வேலையிடத்தில் கொஞ்சம் தள்ளியே இரு.

சரவிளக்கு பத்திரம்தானே?

அன்பு அப்பா


வெக்ஸ்டன்
ஜூலை 2, 1973

அப்பா,

போர்டு இல்லை என்பது சரி. நம் மாநிலத்தில் போர்டு வைத்தால் கேஸ் போட்டுவிடுவார்கள். அதனால்தான் வாக்கியம் வைத்தீர்கள். வாக்கியத்தை எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது?

லமாருடைய அம்மா மிஸஸ் ஐடா பிக்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். லமார்தான் கூட்டிப்போனான். "அம்மா, மேனேஜர் மகன் வந்திருக்கான், டார்ச்ச ஒளிச்சு வை" என்று கத்திக்கொண்டே உள்ளே போனான். அவர் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு எனக்கு வறுத்த மீனும் சோளரொட்டியும் போட்டார். புத்தகத்துக்காகக் கேட்கிறேன் என்றேன்.

"எனக்குப் படம்னா உசுரு கண்ணு. எல்லாப் படமும் பாத்துருவேன். ஆனா படத்துல நடந்த கல்யாணம் ஒண்ணுல கூட நான் பொண்ணு மொகத்தப் பாத்ததில்ல. கல்யாணம் எல்லாம் நடுவுலதான நடக்கும்? சாவுன்னா கட்டில ஓரமாப் போட்டுருவான். அதனால எல்லாச் சாவும் நல்லாப் பாத்திருக்கேன்."

ஒரே ஒரு முறை கீழே உட்கார்ந்தாராம். 1949இல், லமார் பிறப்பதற்கு முன். வெள்ளை மாளிகை விருந்துக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு போனேன் என்றார். பையன் டார்ச் காட்டியும் எழுந்திருக்கவில்லை. அப்போது நீங்களே வந்தீர்களாம்.

"உங்கப்பா கோபப்படல கண்ணு. கொரல் கூட ஒசத்தல. என் பக்கத்துல குனிஞ்சு சிரிச்சாரு. 'மேடம், மேல இன்னும் நல்லா தெரியும்'னாரு. 'எனக்கு இங்கயே நல்லாத்தான் தெரியுது'ன்னேன். சரின்னு தலையாட்டிட்டு அங்கயே நின்னாரு. டார்ச்ச என் மடியில அடிச்சுட்டு நின்னுக்கிட்டே இருந்தாரு. படம் ஓடுது, ஆனா எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. எந்திரிச்சுட்டேன். மாடிப்படி வரைக்கும் வெளிச்சம் காட்டுனாரு, தடுக்கி விழுந்துராம. அதுதான் எனக்கு இன்னும் தாங்கல."

அப்பா, இது நடந்ததா? ஞாபகம் இருக்கிறதா?

உங்களை அவமானப்படுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு வரி போடுங்கள். நானே எழுதிவிட்டேன்: "ஆல்டர்னியில் கறுப்பின மக்களைப் பால்கனிக்கு அனுப்பினோம், அங்கிருந்து திரை சரியாகத் தெரியாது என்று எங்களுக்குத் தெரியும்." அவ்வளவுதான். வெள்ளம், கம்பளம், போர், எல்லாம் இருக்கட்டும். அதெல்லாமும் உண்மைதானே. இதுவும் இருக்கட்டும்.

மிஸஸ் பிக்கெட்டிடம் இந்த வரி வரும் என்று சொல்லிவிட்டேன். லமார் நம்பவில்லை. "உங்கப்பன் அத எழுதினா நான் இந்தச் சுத்தியலத் தின்னுடறேன்" என்றான். வரும்டா, எங்கப்பாவை எனக்குத் தெரியும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வரி வந்தால் விருந்துக்கு வருவதாக மிஸஸ் பிக்கெட் சொல்லியிருக்கிறார்.

சரவிளக்கை யாரோ ஒரு ஹோட்டல்காரர் வாங்கிவிட்டார். போன வாரம் இறக்கினோம். இறக்கி முடித்ததும் லமார் மட்டும் பால்கனிக்கு ஏறிப் போனான். கிழிந்த வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப நல்லா தெரியுதுடா. படத்தத்தான் காணோம்" என்று அங்கிருந்து கத்தினான்.

க்ளென்


சாரசோட்டா
ஜூலை 13, 1973

அன்பு க்ளெனுக்கு,

அந்தப் பெண்மணியை எனக்கு நினைவில்லை. ஆனால் நான் குரல் உயர்த்தவில்லை என்று அவரே சொல்கிறார், பார்த்தாயா? யாரிடமும் நான் அப்படி நடந்ததில்லை. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்றால், நாளைக்கு அவர்கள் வேறு தியேட்டருக்குப் போவார்கள். வேலையாட்கள் அத்தனை பேருக்கும் சம்பளம் போட வேண்டியவன் நான். உனக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? ஒரு படிப்பைக்கூட முடிக்கப் பொறுமையில்லாதவன் நீ.

இப்படி எழுதிவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த வரியை அடிக்கப்போவதில்லை, இருக்கட்டும்.

உன் வரிக்குப் புத்தகத்தில் இடமில்லை. விளம்பரங்கள் போக அச்சகத்தார் கொடுத்த பக்கங்கள் குறைவு, எல்லாம் நிரம்பிவிட்டது. ஆனாலும் நீ இவ்வளவு தூரம் கேட்டதற்காகப் பால்கனி ரசிகர்களைப் பற்றி நானே எனக்குத் தெரிந்த விதத்தில் சேர்க்கிறேன். அவர்களை விட்டுவிட மாட்டேன். அந்தப் பெண்மணியைத் தாராளமாக அழைத்து வா. முன் மேசையிலேயே இடம் போடச் சொல்கிறேன்.

அன்பு அப்பா


வெக்ஸ்டன்
ஜூலை 21, 1973

அன்புள்ள அப்பாவுக்கு,

நன்றி. படிப்பைப் பற்றிச் சொன்னதற்குக்கூடக் கோபம் வரவில்லை.

என் வார்த்தைகளே வேண்டும் என்றில்லை. உங்கள் வார்த்தையில் இருந்தால் இன்னும் நல்லது. மிஸஸ் பிக்கெட்டிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "முன் மேசையா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். நீலக் கவுனை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். லமாரிடம் உப்பா மிளகா, சுத்தியலுக்கு எது தொட்டுக்கொள்கிறாய் என்று கேட்டேன். "மொதல்ல வரட்டும்டா" என்கிறான். ஆனால் அவனும் அவன் அப்பாவுடைய பழைய கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான், பார்த்தேன்.

விமானம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள். கூட்டிவர நானே வருகிறேன்.

உங்கள் மகன்,
க்ளென்


சாரசோட்டா
ஆகஸ்ட் 16, 1973

என் அன்பு மகனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், ஆனால் எதற்கு என்றுதான் தெரியவில்லை. என்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தாய், என் கோட்டைக்கூட நீயே துடைத்துவிட்டாய். பிறகு விருந்து முடியும் முன்னே ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டாய். ஊர் ஆட்கள் என் கையைக் குலுக்க வரிசையில் நிற்கிறார்கள், பக்கத்து நாற்காலி காலி. ஒரு தகப்பனுக்கு அது எப்படி இருக்கும்? மறுநாள் கறிக்கடைக்காரர்தான் என்னை விமானத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

நீ கேட்டதைத்தானே செய்தேன்? பால்கனி ரசிகர்களைச் சேர்த்தேனே. மேடையில் எல்லார் முன்னாலும் வாசித்தேன். மறந்திருந்தால் மறுபடி எழுதுகிறேன்: "எங்கள் கறுப்பின ரசிகர்கள் எப்போதும் பால்கனியையே விரும்பினார்கள். திரை அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுடைய சிரிப்பொலி மேலிருந்து எங்கள் மேல் மழையாகப் பொழியும்." அந்தப் பெண்மணியை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகமும் செய்தேன். கூட்டமே அவருக்குக் கைதட்டியது. அவர் தலையசைத்தார், நீயே பார்த்தாய். அவருக்கு ஆட்சேபமில்லாததில் உனக்கு என்ன ஆட்சேபம்?

புத்தகம் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டதாம். இரண்டாம் பதிப்புப் போடுகிறார்கள். கோபத்தை மனதில் வைத்துக்கொள்கிறவன் அல்ல நான். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "ஊராரின் நினைவுகளைத் திரட்டி இந்த வரலாற்றை எழுத உதவியவர் என் மகன் க்ளென்." உன் பெயரை அச்சில் பார்க்க உன் அம்மா கொடுத்து வைக்கவில்லை.

பதில் எழுது.

அன்பு அப்பா


வெக்ஸ்டன்
செப்டம்பர் 4, 1973

அப்பா,

மிஸஸ் பிக்கெட் ஏன் தலையசைத்தார் என்று வீடு திரும்பும் வழியில் நான் கேட்டேன். "கைதட்டுறாங்களே கண்ணு, எல்லாரும் சிரிச்ச மொகமாத் திரும்பிப் பாக்குறாங்க. வேற என்ன பண்றது? அன்னைக்கு எந்திரிச்சேன், இன்னைக்கும் எந்திரிச்சேன்" என்றார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 1949இல் நீங்கள் அவரை மாடிக்குத்தான் அனுப்பினீர்கள். இந்தத் தடவை அவரையே தலையசைத்து ஆமாம் போட வைத்துவிட்டீர்கள். நான்தான் அவரைக் கூட்டிவந்து உங்கள் முன்னால் உட்கார வைத்தேன்.

லமார் இப்போது என்னைச் சின்ன மேனேஜர் என்று கூப்பிடுவதில்லை. எதுவும் கூப்பிடுவதில்லை. மேஸ்திரியிடம் கேட்டு வேறு ஜோடி மாற்றிக்கொண்டான். வழிமறித்துக் கேட்டேன், "என்மேல ஏன்டா கோபம், நானா எழுதினேன்?" என்று. "உங்கப்பன் என்ன எழுதுவாருன்னு எனக்கு மொதல்லயே தெரியும். அவர் மேல எனக்குக் கோபமே இல்ல. வரும்னு எங்கம்மாகிட்ட சொன்னது நீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுத வேண்டாம்.

ஆல்டர்னி முடிந்துவிட்டது. தரையைச் சமன் செய்து தார் ஊற்றிவிட்டார்கள். கம்பெனி அடுத்த ஊருக்குப் போகிறது, நானும் போகிறேன். எங்கே தங்குவேன் என்று தெரியாது, தெரிந்தாலும் எழுதப்போவதில்லை.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கத்திலிருந்து என் பெயர் இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். நான் கேட்ட வரிக்கு இடமில்லை என்றீர்கள். இப்போது இடம் இருக்கிறது.

க்ளென்